கேட்ஸ்பி பெரியவனாவது எந்த இடத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல் 1925 ஏப்ரலில் வெளிவந்து நூறாண்டு நிறைந்ததையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வசதியற்ற உழவர் குடும்பத்தில் பிறந்து மாளிகை வாங்கும் அளவுக்கு உயர்ந்த வேட்கையும், ஒரே பெண்ணை ஐந்தாண்டுகள் மறவாத காதலுமே கேட்ஸ்பியைப் பெரிய பாத்திரமாக்குகின்றன என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். நாவலைப் பலமுறை படித்த எனக்கு அந்த முடிவு ஏற்புடையதாக இல்லை.

வேட்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜேம்ஸ் காட்ஸ் என்ற இயற்பெயரோடு கேட்ஸ்பி சிறுவனாக இருந்தபோது, உடற்பயிற்சிக்கு இத்தனை மணி, படிப்புக்கு இத்தனை மணி என்று தன் நாளைப் பிரித்து ஒரு புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதிவைத்தது நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் அந்த ஒழுங்கு அவனைக் கொண்டுசேர்த்தது அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராய வியாபாரத்தில்.

காதல்தான் நின்று பார்க்க வேண்டியது. நியூயார்க்கின் பிளாசா ஹோட்டல் அறையில், கணவன் டாமை ஒருபோதும் காதலித்ததே இல்லை என்று அவனிடமே சொல்லும்படி, தான் மறவாத அந்தப் பெண்ணான டெய்சியை கேட்ஸ்பி வற்புறுத்துகிறான். ஒரு காலத்தில் கணவனையும் நேசித்தது உண்மைதான் என்றும், கேட்ஸ்பி கேட்பது அளவுக்கு மிஞ்சியது என்றும் சொல்லி அவள் அழுகிறாள். அன்று நண்பகலில் அவளுடைய சிறு மகளைப் பார்த்தபோதோ, அப்படி ஒரு குழந்தை உண்டென்பதையே அதுவரை நம்பாதவனைப் போல அவன் வியந்து நோக்குகிறான். கட்டுரையாளர் தொடாமல் விட்ட இந்தக் காட்சியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1917இல் லூயிவில் நகரில் இளம் ராணுவ அதிகாரியாகத் தான் சந்தித்த பெண்ணைத்தான் அவன் இன்னும் நேசிக்கிறான். அதற்குப் பின் அவள் வாழ்ந்த வாழ்க்கை அவனுக்கு அழிக்க வேண்டிய பிழையாக மட்டுமே தெரிகிறது. பிறர் வாழ்வை இப்படி இல்லையென்றாக்கும் அன்பை, அது எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், பெருமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அன்றிரவு அவன் வேறொருவனாகிறான். டாமின் கள்ளக்காதலியான மிர்ட்டிலின் மீது கேட்ஸ்பியின் காரை ஏற்றிக் கொன்றவள் டெய்சி. பழியைத் தானே ஏற்பதென்று முடிவுசெய்துவிட்டு, டாமால் அவளுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சி, அதிகாலை நான்கு மணி வரை அவள் வீட்டுக்கு வெளியே இருளில் காவல் நிற்கிறான். உள்ளே கணவனும் மனைவியும் சமையலறை மேசையில் எதிரெதிரே அமர்ந்து ஒன்றிப்போயிருப்பது அவனுக்குத் தெரியாது. பகலில் அவளிடம் ஒரு சொல்லுக்காக மன்றாடியவன், இரவில் எதையுமே கேட்கவில்லை.

கதையைச் சொல்லும் நிக், தொடக்கம் முதல் இறுதி வரை கேட்ஸ்பியைத் தான் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறவன். டாம், டெய்சி போன்றோரின் கூட்டம் முழுவதையும் சேர்த்தாலும் உனக்கு ஈடாகாது என்ற பொருளில் அவன் கேட்ஸ்பியை நோக்கிச் சொன்ன ஒரே பாராட்டு, விருந்துகளால் மாளிகை ஒளிர்ந்த நாட்களில் வரவில்லை. அந்தக் காவல் முடிந்த காலையில்தான் வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மதுரை