நேர்முகத் தேர்வைக் கோருவோர் பழைய அனுபவத்தையும் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவப் படிப்புக்கு மாணவர்களை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சேர்ப்பது போதாது, மனிதநேயம் உள்ளவர்களைக் கண்டறிய நேர்முகத் தேர்வும் வேண்டும் என்ற கருத்தைத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் படித்தேன். அதை எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நேர்முகத் தேர்வை இரண்டு முறை எதிர்கொண்டவன் என்ற முறையில் சிலவற்றைப் பதிவு செய்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

நான் புகுமுக வகுப்பு முடித்தது 1970-ல். அப்போது நம் மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குப் பாட மதிப்பெண்களுடன் நேர்முகத் தேர்வுக்கென்று தனியாக 75 மதிப்பெண்கள் இருந்தன. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பிற சேவைகள், உடல் தகுதியும் தாங்குதிறனும், பொதுத் திறன், மருத்துவத்துக்கான நாட்டம் என்று அவை பிரிக்கப்பட்டிருந்தன. பள்ளி வரை தமிழிலேயே படித்த எனக்கு எங்கள் ஊர்த் தலைமையாசிரியர் மாலை நேரங்களில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பழக்கினார். 1967 டிசம்பரில் கேப் டவுனில் டாக்டர் பர்னார்ட் செய்த இதயமாற்று அறுவை சிகிச்சையையும், இரண்டே மாதங்களில் பம்பாயில் டாக்டர் பி.கே. சென் அதை முயன்றதையும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன்.

அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தகப்பனார் என்ன செய்கிறார் என்றார்கள். விவசாயக் கூலி என்றேன். என்ன விளையாட்டு என்றார்கள். காட்டுவதற்கு என்னிடம் சான்றிதழ் இல்லை. மருத்துவராக ஏன் விரும்புகிறாய் என்ற கேள்விக்கு, தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்திருந்த ஆங்கில வாக்கியத்தைப் பாதி சொல்லிப் பாதியில் மறந்து நின்றேன். அந்தக் கோடையில்தான் வாந்திபேதி கண்ட பக்கத்து வீட்டு அம்மாவைக் கட்டை வண்டியில் படுக்கவைத்து, வழியெல்லாம் உப்புக் கஞ்சி ஊட்டிக்கொண்டே ஒன்பது மைல் தள்ளியிருந்த அரசு மருத்துவமனைக்கு இரவோடு இரவாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் அதுதான். ஆனால் அது ஒரு பதிலாகும் என்று பதினேழு வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதைச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை. சில நிமிடங்களில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இடம் கிடைக்கவில்லை.

அதே 1970-ம் ஆண்டுச் சேர்க்கை குறித்துத்தான் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்தது செல்லாது என்றும், தலைப்புவாரியாகப் பிரித்து வழங்க வேண்டிய நேர்முக மதிப்பெண்களை ஒட்டுமொத்தமாக ஒரே எண்ணாகப் போட்டது முறையல்ல என்றும் நீதிமன்றம் கூறியது. நான் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவன் அல்லன். பி.எஸ்சி. சேர்ந்திருந்த கல்லூரியின் விடுதியில் பத்திரிகையில்தான் அந்தச் செய்தியைப் படித்தேன்.

மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தேன். இந்த முறை எங்கள் வட்டார அரசு மருத்துவமனையின் மருத்துவர் ஒருவர், தம் வீட்டு முன்னறையில் என்னை உட்காரவைத்து, எப்படி உள்ளே நுழைவது, எப்படி வணக்கம் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்று தயங்காமல் எப்படிச் சொல்வது என்றெல்லாம் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தார். வண்டிப் பயணக் கதையை என் வாயிலிருந்து வரவழைத்து, அதை நான்கு எளிய ஆங்கில வாக்கியங்களாக்கிக் கொடுத்தவரும் அவரே. இடம் கிடைத்தது. அதே புகுமுக வகுப்பு மதிப்பெண்தான், அதே பையன்தான். அந்த ஓராண்டில் என் இரக்கம் கூடியிருக்கவில்லை. நாற்காலியில் உட்காரக் கற்றிருந்தேன், அவ்வளவே. அந்த மருத்துவரைச் சந்திக்கும் வாய்ப்பு இல்லாத என் வகுப்புத் தோழர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஸ்ரீநகரில் இருந்த பொறியியல் கல்லூரி ஒன்றின் சேர்க்கை குறித்த அஜய் ஹாசியா வழக்கிலும், இரண்டு மூன்று நிமிட நேர்முகத்தில் பெற்றோர் யார், ஊர் எது என்று கேட்டு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வழங்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்கக் கூடாது, நடப்பதை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்று கூறிய தீர்ப்பு அது. அமெரிக்காவிலோ, ஹூஸ்டன் நகர மருத்துவக் கல்லூரியில் 1979-ல் திடீரென 50 இடங்கள் கூட்டப்பட்டபோது, நேர்முகத்துக்குப் பின் முதலில் நிராகரிக்கப்பட்டிருந்தவர்களிலிருந்து அந்த இடங்களை நிரப்பினார்கள். படிப்பிலும் பின்னர் பயிற்சியிலும் அவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை என்று 1987-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

நேர்முகத் தேர்வை ஒழுங்காக நடத்தவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இருபது ஆண்டுகளுக்கு முன் வகுத்த முறையில், மாணவர் பத்து அறைகளுக்குச் செல்கிறார். ஒவ்வோர் அறையிலும் வேறொரு மதிப்பீட்டாளர், வேறொரு சூழல், எட்டு நிமிடங்கள். ஒருவருடைய விருப்பு வெறுப்பு மொத்த முடிவையும் புரட்டிவிட முடியாது. நம் மாநிலத்தின் விண்ணப்பதாரர் எண்ணிக்கைக்கு இதை நடத்த எத்தனை அறைகளும் எத்தனை மதிப்பீட்டாளர்களும் வேண்டும் என்பதை முன்மொழிகிறவர்கள் முதலில் கணக்கிட வேண்டும். மாணவர் தமிழில் பதில் சொல்லலாமா, குடும்பப் பின்னணி பற்றிய கேள்விகள் தடை செய்யப்படுமா, முழுவதும் பதிவு செய்யப்படுமா, அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி கிடைக்குமா என்பவற்றுக்கும் அவர்கள் பதில் வைத்திருக்க வேண்டும். நீட் தேர்வுக்கே பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் கட்ட முடியாத அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-ல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவர வேண்டியிருந்த மாநிலத்தில், இக்கேள்விகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது பெரும் பிழையாகிவிடும்.

அந்த ஆண்டுகளில் நேர்முகத்தில் தவறவிடப்பட்டு, ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் வாழ்ந்து இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். இந்த விவாதம் தங்கள் நாளிதழில் தொடருமானால், அவர்களுடைய கடிதங்களையும் கேட்டுப் பெற்று வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.