வழக்கு இல்லாமல் ஒரு படம் போடுங்கள்

பிரசார் பாரதி, தூர்தர்ஷன் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். ஆனந்த் பட்வர்தனின் ஆவணப்படங்கள் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை.

ஐம்பது ஆண்டுகளாகப் படம் எடுப்பவர் அவர். மும்பைக் குடிசைகள் இடிக்கப்படுவதைப் பற்றிய 'ஹமாரா ஷஹர்' 1985இல் வந்தது. அதில் வீடிழந்த பெண் ஒருவர் படக்குழுவையே பிடித்துக் கேட்பார்: ஏழைகளைப் படம் பிடித்து நீங்கள் பேர் வாங்குவீர்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும்? வேறொருவராக இருந்தால் அந்தத் துண்டைக் கத்தரித்திருப்பார். இவர் படத்திலேயே வைத்தார். அவரை நான் நம்புவதற்கு அது போதும்.

அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனாலும் நீதிமன்றம் போன பிறகுதான் உங்கள் அலைவரிசையில் வந்தது. அயோத்தி ராமர் கோயில் இயக்கத்தைப் பற்றிய 'ராம் கே நாம்' படத்துக்கும் அதே கதை, விருது உட்பட. மதவன்முறையையும் ஆண்மை பற்றிய எண்ணங்களையும் பேசும், 1995இல் முடிந்த 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' படத்தை ஒளிபரப்ப மறுத்து நீங்கள் உச்ச நீதிமன்றம் வரை போனீர்கள். படத்தை முழுதாகப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும், அங்கொரு காட்சி இங்கொரு காட்சி என்று பிய்த்துப் பார்க்கக் கூடாது என்று 2006இல் தீர்ப்பு வந்தது. விருது கொடுத்ததும் அரசு, வழக்காடியதும் அரசு. இரண்டுக்குமான அரசுச் செலவும் நம் வரிப்பணம்தான்.

சரி, பழைய கணக்கு போகட்டும். இப்போது நான் கேட்பது 'எ நர்மதா டைரி'. சிமந்தினி துருவுடன் சேர்ந்து அவர் 1995இல் முடித்த படம். குஜராத்தில் நர்மதை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சர்தார் சரோவர் அணையால் மூழ்கவிருந்த மணிபேலி போன்ற பழங்குடி ஊர்களின் போராட்டத்தை ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து எடுத்திருக்கிறார்கள். 1993இல் அந்த அணைக்கான உலக வங்கிக் கடன் நின்றுபோன காலமும் அதில் அடக்கம். அணை 2017இல் திறக்கப்பட்டுவிட்டது. அணை யாருக்கு நன்மை என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். நிலத்தைக் கொடுத்தவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பொதிகையாக இருந்து டிடி தமிழ் ஆகியிருக்கும் அலைவரிசையில் தமிழ் வசன வரிகளோடு போடுங்கள். அப்புறம், நள்ளிரவில் வேண்டாம். ஒரு காலத்தில் 'ஒலியும் ஒளியும்' போட்டீர்களே, அதுபோல வெள்ளிக்கிழமை மாலையில், வீட்டில் எல்லாரும் விழித்திருக்கும்போது போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய பொதிகை நேயர் ஒருவர்