முதல் செய்தியிலேயே பதில் கேளுங்கள்: வணிகக் குறுஞ்செய்தி அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அனுப்பிய எஸ்எம்எஸ் எல்லாம் 'டெலிவர்ட்' என்று காட்டுகிறது, ஆனால் யாரும் பார்த்த மாதிரியே தெரியவில்லை என்று புலம்புகிறீர்கள். டெலிவர்ட் என்றால் போன் வரை போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். உள்ளே போய் எந்தப் பெட்டியில் விழுந்தது என்பது உங்கள் ரிப்போர்ட்டில் வராது. 2025-இல் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 26-இல், அறிமுகமில்லாத எண்களைத் தனியாக ஒதுக்கும் வசதி இன்னும் முன்னுக்கு வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் கூகுள் மெசேஜஸும் ஸ்பேம் என்று சந்தேகப்பட்டால் ஓரங்கட்டிவிடும்.

சரி, அதற்காக வடிகட்டியை ஏமாற்றக் கிளம்பாதீர்கள். எண்ணை மாற்றி மாற்றி அனுப்புவது, 'இ.ல.வ.ச.ம்' என்று நடுவில் புள்ளி வைப்பது எல்லாம் மோசடிக்காரர்கள் செய்கிற வேலை. நீங்களும் அதையே செய்தால் வாடிக்கையாளர் கண்ணுக்கும் அவர்களோடு சேர்த்துத்தான் தெரிவீர்கள்.

எண் தொடர்புகளில் இருந்தால், அல்லது அந்த எண்ணுக்கு வாடிக்கையாளர் ஒரு தடவை பதில் போட்டிருந்தால், ஐபோன் அதைத் தெரிந்த எண்ணாக எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு பதிலைக் கேட்டு வாங்குவதுதான் முழு வேலையும். அவர் சம்மதம் கொடுத்த கையோடு, உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே, கடைப் பெயரை முதலில் போட்டு இப்படி அனுப்புங்கள்: "இப்போது எங்களிடம் பதிவு செய்தீர்கள். ஆர்டர் விவரம் இந்த எண்ணிலிருந்து வரும். தொடர 'ஆம்', வேண்டாமென்றால் 'நிறுத்து' என்று பதில் அனுப்புங்கள்." 'ஆம்' வந்தபின் எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லலாம். மூன்று மாதம் கழித்துத் தள்ளுபடியோடு திடீரென்று வந்து நின்றால் யார் பதில் போடுவார்கள்?

எண்ணுக்குப் பதிலாகப் பெயர் மட்டும் காட்டும் அனுப்புநர் அடையாளத்திலிருந்து அனுப்பினால் இது நடக்காது, அதற்குப் பதில் போடவே முடியாது. அதனால் விதிகள் இடம் கொடுக்கிற இடத்தில் பதில் வாங்கக்கூடிய எண்ணை எடுங்கள், அப்புறம் அதை மாற்றாதீர்கள்.

லிங்க் வைத்தால் உங்கள் சொந்த டொமைனில், அதாவது உங்கள் இணையதள முகவரியில் வையுங்கள். ஊரே பயன்படுத்தும் இலவசச் சுருக்கு லிங்க்கில் மோசடிக்காரனும் இருப்பான், அவன் கெட்ட பெயர் உங்கள் மேலும் ஒட்டும். இன்னொன்று, ஆங்கிலச் செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழில் எழுதினால் 70தான், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தாகவே கணக்காகும். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு எமோஜியைச் சொருகினாலும் மொத்தமும் 70 கணக்குக்கு இறங்கிவிடும், அதைத் தாண்டினால் ஒரே செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்து பில்லில் ஏறும். பில்லைப் பார்த்துத் தலையில் கை வைப்பவர்கள் முதலில் அந்த எமோஜியை எடுங்கள்.

யாராவது 'நிறுத்து' என்று அனுப்பினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். நிறுத்த வழி தெரியாதவர் அடுத்து அழுத்துவது ஸ்பேம் புகார் பட்டனைத்தான், அந்தப் புகார் உங்கள் மேசைக்கு வராது.