இணைய ஏலத்தில் கடைசி நொடிக் கேட்பு: நேர நீட்டிப்பைக் கட்டாயமாக்குக

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களில் வெளியாகும் வங்கிகளின் மின்னேல அறிவிப்புகளைப் படிப்பவர்கள் ஒரு நிபந்தனையை அடிக்கடி பார்த்திருப்பார்கள். ஏலம் முடியும் தறுவாயில் யாரேனும் தொகையை உயர்த்தினால், முடிவு நேரம் தானாகவே ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தள்ளிப்போகும் என்பதுதான் அது. கடன் பாக்கிக்காக வீட்டையும் மனையையும் விற்கும்போது கடைப்பிடிக்கப்படும் இந்த நியாயமான முறை, தபால்தலை, நாணயம், பழைய கைக்கடிகாரம் போன்றவற்றைப் பொதுமக்கள் ஏலம் கேட்டு வாங்கும் பல இணையதளங்களில் இல்லை. அங்கே குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும் என்பதால், அதற்கு இரண்டு மூன்று நொடிகளுக்கு முன்பு திடீரென்று நுழைந்து, பிறர் பதில் கேட்பு கேட்க இடம் தராமல் பொருளைத் தட்டிச் செல்வது வழக்கமாகிவிட்டது.

நான் தபால்தலை சேகரிப்பவன் என்பதால் அதிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி தபால்தலை வரிசையில் உச்ச மதிப்புடையது பத்து ரூபாய்த் தலை. பயன்படுத்தப்படாத ஒரு தலையின் பின்புறப் பசை அச்சகத்திலேயே தடவப்பட்டதா, பிற்பாடு யாரோ பூசியதா என்பதைப் பொறுத்து அதன் விலை பெரிதும் மாறும். ஓரத்துப் பற்களின் நுனியில் பசை படிந்து இறுகியிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்து அனுபவசாலிகள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்படி விவரம் தெரிந்த ஒருவர் இரண்டாம் நாளே நல்ல தொகை கேட்டால், விலை ஏறுவதைப் பார்த்தே மற்றவர்கள் சரக்கு அசல் என்று ஊகித்துப் போட்டிக்கு வந்துவிடுவார்கள். ஆகவே அவர் கடைசி நொடிவரை வாயே திறப்பதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குறை அவரை அப்படி நடக்கவைக்கும் விதியில்தான் இருக்கிறது.

இது என் ஊகம் மட்டுமன்று. 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நேரம் வந்ததும் ஏலத்தை முடித்துவிடும் ஈபே என்ற ஏலத் தளத்தையும், கடைசிப் பத்து நிமிடங்கள் யாரும் கேட்காமல் இருந்தால் மட்டுமே முடியும்படி அமேசான் அந்நாளில் நடத்திவந்த ஏலங்களையும் ஒப்பிட்டார்கள். கடைசி நேரக் கேட்புகள் ஈபேயிலேயே மிக அதிகமாக இருந்தன. அங்கே அனுபவம் கூடியவர்களே அதிகம் தாமதித்தார்கள். கணினிகளைவிடப் பழம்பொருட்களில் இப்பழக்கம் மிகுந்திருந்தது. அவர்கள் இன்னொருவருடன் சேர்ந்து பின்னர் நடத்திய ஆய்வகச் சோதனையில், நேரத்தை நீட்டிக்கும் ஏலமே விற்பவருக்குக் கூடுதல் வருவாயையும் தந்தது. நீட்டிப்பு என்பது வாங்குபவருக்கு மட்டும் காட்டும் சலுகை என்று நினைக்கும் விற்பனையாளர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒருவர் தம்மால் தரமுடிந்த உச்சத் தொகையை முன்கூட்டியே பதிந்துவிட்டால், இயந்திரமே அவருக்காகத் தேவையான அளவு மட்டும் படிப்படியாக உயர்த்திக்கொள்ளும். பிறகு கடைசி நொடியைக் கண்டு அஞ்சுவானேன் என்று தளங்களின் தரப்பில் கேட்கப்படுவதுண்டு. ஏட்டளவில் இது சரியே. ஆனால் அரிய பொருளின் மதிப்பை யாரும் தனியே அமர்ந்து தீர்மானிப்பதில்லை, பிறர் கேட்பதைப் பார்த்துத்தான் தம் கணிப்பைத் திருத்திக்கொள்கிறார்கள். நம் ஊர் ஏலங்களில் “ஒரு தரம், இரண்டு தரம்” என்று நிறுத்தி நிறுத்திக் கூவுவதே, யோசித்து இன்னொரு தொகை கேட்க இடம் கொடுப்பதற்குத்தான். அந்த இடைவெளியை இணையத்தில் நாம் இழந்துவிட்டோம்.

இதைவிடக் கவலை தருவது, நமக்காகக் கடைசி நொடியில் ஏலம் கேட்கும் தானியங்கிச் சேவைகள். அவற்றில் பலவற்றுக்கு நம் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒருபுறம் எச்சரித்துவிட்டு, மறுபுறம் அதை மூன்றாம் நபரிடம் ஒப்படைக்கத் தூண்டும் விதியை வைத்திருப்பது எப்படிச் சரியாகும்? கைப்பேசிச் சமிக்ஞை தடுமாறும் ஊரிலிருந்து ஏலம் கேட்கும் பள்ளி மாணவர், நியாயமான தொகையைக் கையில் வைத்திருந்தும் இந்த இயந்திரங்களிடம் தோற்றுப்போகிறார். இளம் சேகரிப்பாளர்கள் இப்படி மனம் வெறுத்து விலகினால், அது இந்தப் பொழுதுபோக்குக்கே பேரிழப்பு.

மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. பொதுமக்களுக்காக ஏலம் நடத்தும் தளங்கள், கடைசி ஐந்து நிமிடங்களுக்குள் வரும் ஒவ்வொரு கேட்புக்கும் அதே அளவு நேரத்தை நீட்டிக்க வேண்டும் என்ற பிரிவை அவற்றில் சேர்க்குமாறு நுகர்வோர் விவகாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரை, நேரம் நீட்டிக்கப்படுமா இல்லையா என்பதை நிபந்தனைகளின் அடியில் புதைக்காமல், ஒவ்வொரு ஏலப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அச்சிட்டுக் காட்டத் தளங்கள் தாமாகவே முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
தபால்தலை சேகரிக்கும் வாசகர்,
திருச்சிராப்பள்ளி