எல்லாவற்றுக்கும் ஃபார்மேட்தானா?

ஆசிரியருக்கு,

வணக்கம். நீடாமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவன் நான். சாயந்தரமானால் தெருப் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு "அண்ணே, ஓட மாட்டேங்குது" என்று வந்துவிடுவார்கள்.

போன வாரம் வந்தது ஒரு கடைசி வருஷப் பெண். எக்ஸாம்ப்பில் (வெப்சைட் எழுதிப் பழகத் தேவையான மென்பொருள்களின் தொகுப்பு) தகவல்களைச் சேமித்துவைக்கும் மைஎஸ்க்யூஎல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது, யூபிஎஸ் கிடையாது, மறுநாள் மைஎஸ்க்யூஎல்லுக்கு ஸ்டார்ட் கொடுத்தால் பச்சை வந்து உடனே அணைந்துபோகிறது. கடைக்குக் கொண்டுபோனாள். அவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மேட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மிஷின் நன்றாக ஓடுகிறது, நாலு மாத ப்ராஜெக்ட்டைத்தான் காணோம்! மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்று இருப்பதை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, ஸ்டார்ட் பட்டன் வரிசையிலேயே இருக்கும் லாக்ஸ் (நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் குறிப்பு) பட்டனை அமுக்கிக் கடைசிப் பத்து வரியைப் படித்திருந்தால் போதும், என்ன கோளாறு என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். சில சமயம் எதுவுமே கெட்டிருக்காது, முன்பு எப்போதோ போட்ட இன்னொரு மைஎஸ்க்யூஎல் அதன் வழக்கமான வாசலான 3306 போர்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் கட்டளையோடு ஏ, என், ஓ சேர்த்துக் (netstat -ano) கொடுத்தால் அந்த வாசலைப் பிடித்திருக்கும் புரோகிராமின் எண் வரும், அந்த எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடி நிறுத்த வேண்டியதுதான்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தும் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அணையை இடித்துக் கட்டு என்றா சொல்கிறோம்? எந்த மதகில் நிற்கிறது என்று கரையோடு நடந்து பார்ப்போமே, அதே வேலைதான் இதுவும்.

இன்னொரு பையன் மூன்று நாள் அல்லாடினான். கிட்டும் (எழுதிய புரோகிராமின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கருவி) வேலை செய்யவில்லை, என்பிஎம்மில் (துணைப் புரோகிராம்களை நெட்டிலிருந்து இறக்கும் கருவி) எதுவும் இறங்கவில்லை, சர்டிஃபிகேட் (எதிரே இருக்கும் தளம் உண்மையானதுதான் என்ற சான்று) சரியில்லை என்றே வருகிறது. வைஃபையை மாற்றி, போன் டேட்டாவைத் தீர்த்து, எல்லாம் பார்த்தாயிற்று. நான் திரையின் வலது மூலையைப் பார்த்தேன், தேதி பல வருஷம் பின்னால் நிற்கிறது. பழைய டெஸ்க்டாப், மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி தீர்ந்துபோய், கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடுகிறது. சர்டிஃபிகேட்டுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கெடு உண்டு, அதனால் கம்ப்யூட்டர் நம்ப மறுக்கிறது. பேட்டரி மாற்றினோம், தேதியைச் சரிசெய்தோம், முடிந்தது.

பைதான் என்ற புரோகிராம் மொழியைப் போடும்போது முதல் திரையின் அடியில் பாத்-இல் (கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்யாமல் விடுவது, அப்புறம் 'பைதான்' என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறதே என்று முழிப்பது, இது வாரம் ஒன்று வரும்.

நமக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. 'தஞ்சாவூர்' என்று சேமித்தால் ஒன்பது கேள்விக்குறி வருகிறது (புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாகக் கணக்கு). மைஎஸ்க்யூஎல் டேபிள், தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 எழுத்துமுறையில் இருந்தால் இப்படித்தான். எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினால் இனி வருவது சரியாக வரும், கேள்விக்குறியாகிப் போனது போனதுதான், மறுபடி அடிக்க வேண்டும்.

காலேஜ் லேபில் முதல் வாரமே இதையெல்லாம் வேண்டுமென்றே கெடுத்துவைத்து, பிள்ளைகளையே சரிசெய்யச் சொல்லலாம். அங்கே மிஷின் எல்லாம் ரெடியாக இருப்பதால் வீட்டுக்கு வந்ததும் கை நடுங்குகிறது. பத்திரிகையும் வாரம் அரைப் பத்தி, ஒரு எர்ரர், அதற்குத் தமிழில் விளக்கம் என்று போட்டால் புண்ணியமாகப் போகும். 'நாளைய மின்தடை' அறிவிப்புக்குப் பக்கத்தில் போட்டாலும் சரி, எங்கள் தெருப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நீடாமங்கலம்