பிள்ளைக்குத் துணையாகப் போகிறவன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே சாரல் பிடித்துவிட்டது. திண்ணை காயவே இல்லை. உடனே பதில் எழுத முடியாததற்கு ஒரு காரணம் உண்டு, அதில் உன் உதவியும் எனக்குத் தேவைப்படுகிறது.

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பையன் ஒருவன், ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அவனுடைய ஏழு வயது மகளுக்குப் போன வருஷம் ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் வைத்தியம் நடக்கிறது. நன்றாகப் பார்க்கிறார்கள், மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் இந்த வைத்தியம் இரண்டு மூன்று வருஷம் நீளும். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் குறித்த தேதிக்குத் தவறாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தாய்க்காரி பீடி சுற்றுகிறாள், மடியில் கைக்குழந்தை வேறு. அதனால் ஒவ்வொரு தடவையும் தகப்பன்தான் போகிறான். இரண்டு நாள் கூலியும் போய், பயணச் செலவுக்கும் கடன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் வந்து, "சார், ஐந்நூறு ரூபாய் கிடைக்குமா?" என்று நின்றான். எப்படிப் போகிறாய் என்று கேட்டேன். முன்பதிவில்லாப் பெட்டியில்தானாம். இடம் கிடைக்காத நாளில் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மதுரை வரை நின்றுகொண்டே போயிருக்கிறான். கூட்டத்தில் கொண்டுபோகக் கூடாத பிள்ளை மாப்ள அது.

ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் காட்டச் சொன்னேன். ஜவுளிக்கடைப் பையில் சுற்றி வைத்திருந்தான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள். ரயில் கட்டணச் சலுகைக்கான சான்று! மடிப்பு ஓரமெல்லாம் கிழிந்து, முத்திரை மங்கியிருந்தது. இது என்ன தெரியுமா என்றேன். தெரியும் சார், ஒரு கவுன்ட்டரில் கொடுத்தேன், முத்திரை தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள் என்றான். அப்புறம் ஏன் வேறு வாங்கவில்லை? "அதுக்காக இன்னொரு நாள் நிக்கணும்ல சார். இலவசம்னா பொம்பளைங்களுக்குத்தானே, நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்." நான்கு மாதமாக அந்தத் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு முழு டிக்கெட் எடுத்திருக்கிறான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதே பஸ்ஸில் அவன் பத்து ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்குகிறான். அது நல்ல திட்டம், இந்தப் பீடி சுற்றும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று தினமும் பார்க்கிறேன். ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து, உதவி என்பது தன்னைச் சேர்ந்தது இல்லை என்று இவன் மாதிரித் தகப்பன்கள் மனசுக்குள் முடிவு கட்டிவிடுகிறார்கள். ரயிலைப் பற்றி நானே தப்பாகத்தான் நினைத்திருந்தேன். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோது எல்லாச் சலுகையும் போய்விட்டது என்றே இருந்தேன். நோயாளிகளில் பதினோரு வகையினருக்கும், மாற்றுத்திறனாளிகளில் நான்கு வகையினருக்கும், மாணவர்களுக்கும் தொடர்கிறது என்று நீதானே அப்புறம் போனில் சொன்னாய்.

அடுத்த தடவை போனபோது ஆஸ்பத்திரியில் புதிய சான்று எழுதி, தெளிவாக முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். அவன் வந்ததும் நானும் கூடப் போய்த் தென்காசி ஸ்டேஷனில் கொடுத்தேன். ஸ்லீப்பரில் பிள்ளைக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவனுக்கு நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. கவுன்ட்டரில் இருந்த அம்மா மீதிச் சில்லறையைத் தள்ளியதும் அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, "கூடக் குடுத்துட்டீங்க மேடம்" என்றான். "இல்லப்பா, அவ்வளவுதான்" என்றார்கள். அந்த ரூபாயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். ஸ்டேஷன் வாசல் வேப்பமரம் வரைக்கும் சட்டைப் பையில் வைக்கவே இல்லை.

எதிர்வீட்டுக்காரர் கதையும் இதுதான். பிறவியிலேயே நடக்க முடியாத மகனைப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் டவுன் பஸ்ஸில் கூடவே வருகிற ஒரு துணைக்கும் டிக்கெட் வேண்டாம் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு வருஷமாகத் தனக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்ற வீட்டில் ஆட்டோவுக்குக் கடன் வாங்குகிறவர்களிடம், 102-க்குக் கூப்பிட்டால் தாயையும் குழந்தையையும் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள் என்று இப்போது பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லி வைக்கிறேன்.

சரி, உன்னிடம் கேட்க வேண்டியது இரண்டு. முப்பது வருஷம் புக்கிங் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நீ. எந்த நோய்க்கு என்ன சலுகை, சான்றில் எங்கெல்லாம் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், எதைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பு. நகல் எடுத்து மார்க்கெட்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டுகிறேன். சலுகை டிக்கெட்டிலும் இடம் கிடைத்தால்தானே படுக்க முடியும்? ரயிலில் அறுபது நாளுக்கு முன்னாலேயே பதிவு தொடங்கிவிடுகிறது, ஆஸ்பத்திரித் தேதியோ பத்து நாளுக்கு முன்னால்தான் தெரிகிறது. காத்திருப்புப் பட்டியலில் மாட்டினால் அவசர ஒதுக்கீட்டுக்கு எப்படி எழுதிக் கேட்பது என்பதையும் அதில் சேர்த்துவிடு.

இரண்டாவது, வருகிற வியாழன் காலை அவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வருகிறார்கள். இறங்கியதும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போவதுதான் அவன் வழக்கம். இந்தத் தடவை ஊசி போட்ட பிறகு பிள்ளைக்குக் கால் வலி அதிகம். உன் வண்டியில் கொண்டுபோய் விட முடியுமா? எஸ் 4 பெட்டி. பிள்ளை மஞ்சள் தொப்பி போட்டிருக்கும். அவன் கூச்சப்படுவான், நீயே போய்ப் பேசு.

அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல். மழை விட்டதும் வந்து பார்க்கிறேன்.

உன் மச்சான்