ராசா, உன் டிவி தானாக ஒளிரவில்லை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

நலம். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. இப்போது என் தலையில் எத்தனை முடி மிச்சம் என்று தினமும் தெளிவாகப் பார்த்துச் சொல்கிறார். கட்டையன் மறுபடியும் கடையை மாற்றிவிட்டான். காரணம் நீ நினைப்பதுதான்.

தொலைபேசியில் உன் புது டிவியைப் பற்றிப் பெருமையடித்தாயே, குவாண்டம் புள்ளிகள் என்ற நுண்ணிய படிகத் துகள்கள் தாமே ஒளிர்கின்றன என்று? பின்னால் எரிவது நீல எல்இடி, ராசா. அந்த நீலத்தை விழுங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் கக்குவதோடு புள்ளிகளின் வேலை முடிந்தது. புள்ளிக்கே நேராக மின்சாரம் கொடுத்து ஒளிரவைப்பதுதான் பெரும்பாடு. பாக்கியம் டீச்சரின் பேரன் அந்த ஆராய்ச்சியில்தான் இருக்கிறான். அவன் வந்து போனதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

அவன் புள்ளி செய்யும் பொருள் பெரோவ்ஸ்கைட்டு என்ற படிக வகை. சீசியம், ஈயம், கூடவே குளோரைட்டோ புரோமைட்டோ அயடைட்டோ. 2015இல் சூரிச்சில் கோவலென்கோ என்ற இரசாயன ஆய்வாளரின் குழு இதை நானோ படிகங்களாக்கியது. புரோமைட்டு பச்சையாக ஒளிரும். அதில் அயடைட்டைக் கலந்தால் கண்முன்னேயே மஞ்சளாகிச் சிவந்துவிடும். அந்தப் பச்சை ஒளியின் அலைநீளம் பரவும் அகலமோ 20 நானோமீற்றர் அளவுதான். அவ்வளவு சுத்தமான நிறம்! நாம் படித்த காலத்தில் இப்படி ஒன்றை டீச்சர் காட்டியிருந்தால், நீ பின்வாங்கில் தூங்கியிருக்க மாட்டாய்.

ஆனால் அயன் படிகமல்லவா, ஈரம் பட்டால் போய்விடும். நம் ஊர் மாரிக்காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன், சிரித்தான். புள்ளிகளைக் காக்க ஒலேயிக் அமிலம் போன்ற நீண்ட மூலக்கூறுகளை மேலே ஒட்டவைக்கிறார்கள். அவை மின்னைக் கடத்தா. கழுவி அகற்றினால் மின்சாரம் புகும், ஒளி மங்கும். வேலியைத் திறந்தால் மாடு, அடைத்தால் விருந்தாளிக்கும் வழியில்லை என்ற கதைதான். அப்படியிருந்தும் 2018இல் யப்பானின் யாமகாட்டாவில் செய்த சிவப்பு டயோடு 21.3 சதவீதப் புறக் குவாண்டம் திறனைத் தொட்டது, அதாவது நூறு இலத்திரன் உள்ளே போனால் 21 ஒளித்துகள் வெளியே வரும். ஆயுள்தான் இன்னும் போதாது. நீலம் அதைவிடச் சிக்கல்: குளோரைட்டும் புரோமைட்டும் மின்னோட்டத்தில் பிரிந்துபோக, நிறம் மெல்லப் பச்சைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

மச்சான், என்னை அரிப்பது ஈயம். ஒரு திரையில் கொஞ்சம்தான், சரி. ஆனால் நீரில் கரையும் ஈயம். உடைந்த டிவிகள் இங்கே எங்கே போய்க் கிடக்கின்றன என்று உனக்குத் தெரியும். அந்த மழைநீர் எங்கே ஓடுகிறது என்பதும் தெரியும். நான் கொட்டியாரக் குடா மீனைத் தின்பவன். ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் போடலாமே என்றேன். அது காற்றிலேயே ஒட்சியேறிக் கெட்டுவிடுமாம். ஈயப் புள்ளிகளையே கண்ணாடி போல மூடி அடைத்துவிடலாம் என்று அவன் நம்புகிறான். மூடியது உடைந்த பிறகு என்ன என்று நான் விடவில்லை. கோபித்துக்கொண்டு தேநீரைக் குடிக்காமல் எழுந்துவிட்டான், டீச்சரின் பேரனேதான்.

மார்கழியில் உன் ஊருக்கு வருகிறான். வீட்டில் தங்கவை, நன்றாகச் சாப்பாடு போடு. அவனிடம் அந்த ஈயக் கேள்வியை நீயும் கேட்டுப் பார்த்து எழுது. நான் கேட்கச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
சிவா